இடியப்ப மெசினின் ஸ்டார் முடிச்சு

எங்கள் மூத்தோர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தொலைபேசி எனக்கு வந்ததல்ல. என் கணவருக்கு வந்தது. அங்கிள் நிற்கிறாரா, மோட்டர் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுச் செயலாளர் கேட்டார். நான் தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் சொன்ன பதிலால்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதவேண்டி வந்தது. அந்தப் பதில் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள்.

முதலில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். மோட்டர் வேலை செய்தது நான். சிட்னியில், லிட்கம் என்ற இடத்தில், ஒரு மோட்டர் திருத்தும் பட்டறையில் இருபத்தாறு வருடம் செப்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். என் கணவர் நவரத்தினம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போஸ்ட்கோட்டைப் பார்த்தவுடன் அது எந்த ஊர் என்று சொல்வார். மோட்டரைப் பார்த்தால் அது மோட்டர் என்று சொல்வார்.

அப்படியானவர் எப்படி எங்கள் ஆட்களுக்கு ‘மோட்டர் அங்கிள்’ ஆனார் என்றால், அதற்கு ஒரு பிறந்தநாள் விழாதான் காரணம். யாரோ ஒருவருடைய நீச்சல்குளப் பம்பு உறுமிக்கொண்டு நிற்கிறதே தவிரச் சுற்றவில்லை என்று பேச்சு வந்தது. முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் நான் இதே மாதிரி ஒரு பம்பைப் பற்றி இவரிடம் அலுத்துக்கொண்டிருந்தேன். இவர் கையில் ரோல்ஸ் தட்டோடு, கப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள் என்று ஒரு போடு போட்டார். மாற்றினார்கள், ஓடியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. இவர் போவார், பார்ப்பார், தாடையைத் தடவுவார், ‘யோசிச்சுப் போட்டுச் சொல்லுறன்’ என்று வந்துவிடுவார். சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேட்டு, மறுநாள் காலையில் அவர்களுக்குச் சொல்வார்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் வெட்கம். பிறகு சோம்பல். அதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், அதில் ஒரு ருசி வந்துவிட்டது. கூடப் போகவேண்டி வந்தால் தேநீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் ஒரு தரம் செருமினால் அவர் வாயை மூடவேண்டும். இரண்டு தரம் செருமினால் சம்மதமாக ‘ஓம்’ என்று சொல்லவேண்டும். என் தொண்டைக்கு என்ன வருத்தம் என்று விசாரித்து எத்தனையோ பேர் எனக்கு மல்லித் தண்ணீர் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

நான் பட்டறைக்குப் போனது தற்செயல். சிட்னிக்கு வந்த புதிதில் திரைச்சீலை தைக்கும் இடத்தில் வேலை செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண், மெல்லிய கம்பி சுற்ற விரல் நிதானம் உள்ள பெண்களைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக் கூட்டிப் போனாள். பட்டறை முதலாளி ஜோ, மால்டாக்காரர். என் ஆங்கிலத்தை அவர் சோதிக்கவில்லை, அவருடையதும் அப்படித்தான். சிக்குப்பட்டுப்போன செப்புக்கம்பி உருளை ஒன்றை என் மடியில் வைத்தார். கம்பி எங்கும் மடியக்கூடாது, கீறல் விழக்கூடாது, அவ்வளவுதான் பரீட்சை. மூன்று தங்கைகளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்ந்தவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் அவிழ்த்துக் கொடுத்தேன். நாளைக்கு வா என்றார்.

ஜோ ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாங்கள் ஏதாவது பிழை விட்டால் மூலையில் இருக்கும் விளக்குமாற்றை எடுத்துவருவார். எங்கள் காலைச் சுற்றிக் கூட்டத் தொடங்குவார். பிழை எது என்று சொல்லமாட்டார். நாங்களாகக் கண்டுபிடித்துத் திருத்தும்வரை கூட்டிக்கொண்டே இருப்பார். நான் பழகிய முதல் வருடம் அந்தப் பட்டறைத் தரை எந்த ஆஸ்பத்திரியையும் விடச் சுத்தமாக இருந்தது.

அவருடைய ஒழுங்குகள் இன்றைக்கும் என் கையில் இருக்கின்றன. பழைய காயிலை வெட்டுவதற்கு முன் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அட்டைப்பெட்டித் துண்டில் வரையவேண்டும். பக்கமூடிகளைக் கழற்றுமுன் உடம்பிலும் மூடியிலும் நேருக்கு நேர் புள்ளி குத்தவேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு. கரண்ட் இல்லை என்று கண்டால் நம்பக்கூடாது. டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார், பிறகு செத்த கம்பியில் வை, திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார். மூன்று தரம். கம்பி செத்ததா, டெஸ்டர் செத்ததா என்று தெரியாமல் கை வைக்கிறவன் மூன்றாவதாகச் சாவான் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலை மோட்டர்கள் பெரும்பாலும் த்ரீ பேஸ் கரண்டில் ஓடுகிறவை. வீடுகளுக்கு வருவது சிங்கிள் பேஸ். பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சுற்றி நின்று ஒருவர் பின் ஒருவராகத் தள்ளினால் அது தானாகச் சுற்றும். ஒருவர் மட்டும் ஒரே இடத்தில் நின்று இழுத்தும் தள்ளியும் விட்டால் நடுங்கும், சுற்றாது. அந்த நேரம் யாராவது ஒரு தட்டுத் தட்டிவிட்டால் தட்டிய பக்கமாக ஓடத் தொடங்கிவிடும், வலமோ இடமோ அதற்குக் கவலையில்லை. த்ரீ பேஸ் மோட்டரைச் சிங்கிள் பேஸில் கொடுத்தால் நடப்பது இதுதான்.

சிட்னிக்கு வெளியே தோட்டக்காரர்கள் ஏலத்தில் மலிவாகத் த்ரீ பேஸில் ஓடும் மரம் அறுக்கும் வாள் மெசினையும் பம்பையும் வாங்கிவிட்டு, வீட்டில் சிங்கிள் பேஸ்தான் இருக்கிறது என்பதைப் பிறகு கண்டுபிடித்து ஜோவிடம் ஓடிவருவார்கள். அவர் அதற்கு ஒரு பழைய பெரிய த்ரீ பேஸ் மோட்டரைக் கொடுப்பார். அதைச் சிங்கிள் பேஸில் கொடுத்து ஒரு தரம் சுழற்றி விட்டுவிட்டால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பலகையும் அறுக்காது, ஒரு வாளித் தண்ணீரும் இறைக்காது. ஆனால் அது சுற்றுவதால் இல்லாத மூன்றாவது பேஸ் அதனுள்ளே பிறக்கும். அதைக் கொண்டு மற்ற மெசின்கள் எல்லாம் ஓடும். நான் அதற்குத் ‘தலைவர்’ என்று பெயர் வைத்தேன். ஜோ அர்த்தம் கேட்டார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் பட்டறையில் கடைசிவரை அதற்கு அந்தப் பெயர்தான்.

பட்டறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மோட்டரைச் சுற்றி முடித்தவர், கம்பி பூட்டுகிற பெட்டியின் மூடிக்கு உட்புறமாக ஊசியால் தன் எழுத்தைக் கீறிவைக்கவேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவர் அதைக் காணமாட்டார். எத்தனையோ வருடம் கழித்து அந்த மோட்டரைத் திறக்கிற அடுத்த வேலையாள்தான் காண்பார். நான் முதன்முதலாக முழுதாகச் சுற்றிய மோட்டரில், என் பெயர் புனிதம் என்பதற்கு P கீறாமல், கணவர் பெயருக்கு N கீறினேன். படிவம் நிரப்பினாலும் கோயில் அர்ச்சனைக்குச் சீட்டு எழுதினாலும் அவர் பெயர்தான் முன்னுக்கு வரும், கை அப்படியே பழகிவிட்டது. ஒரு பெண் சுற்றியது என்று யாராவது கண்டு ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

ஜோ மூடியைப் பார்த்தார். விளக்குமாற்றை எடுத்தார். காயிலைத் திரும்ப எண்ணினேன், சரி. கம்பித் தொடர்பை அட்டையோடு ஒப்பிட்டேன், சரி. அவர் கூட்டிக்கொண்டே இருந்தார். தரையில் கூட்ட ஒரு தூசியும் மிஞ்சாத நேரம்தான் எனக்கு மூடி ஞாபகம் வந்தது.

“யார் இந்த N?” என்று கேட்டார்.

என் கணவர் என்றேன்.

“அவர் இங்கே வேலை செய்கிறாரா?”

இல்லை என்றேன்.

“அப்படியென்றால் என் மோட்டருக்குள் அவருக்கு என்ன வேலை?”

அரத்தைக் கையில் தந்தார். N-ஐத் தேய்த்து அழித்துவிட்டு P கீறினேன். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான மூடிகளில் கீறியிருக்கிறேன். வெளியே உலகம் என்ன நினைத்தாலும் மூடிக்குள் நான் இருந்தேன், அது எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன். ஜோ இறந்துவிட்டார். அந்தப் பட்டறையில் இப்போது புது மோட்டர் விற்கிறார்கள். நானும் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன்.

அப்போதுதான் கலா வந்தாள். கலா அகதியாகப் படகில் வந்தவள். பல வருடமாகத் தற்காலிக விசாவில், அதிகாலையில் எழும்பிக் கையால் இடியப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்துத் தன் காலில் நின்றவள். இடியப்ப உரலை அழுத்தி அழுத்தி வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. இனியும் பிழிந்தால் ஒரு கோப்பையைக்கூடத் தூக்கமாட்டாய் என்று வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். கையில் கட்டோடுதான் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். வழக்கம்போல, அங்கிள் நிற்கிறாரா என்று கேட்டாள்.

நார்த்மீட்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்கு எடுத்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு இடியப்ப மெசினை இறக்கியிருந்தாள். அதை ஒழுங்கு செய்து கொடுத்தவன் கார்த்திக், அந்த ஊர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, தங்கமான குணம். மெசின் செய்தது அவனுடைய மாமா. மெசின் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மாமா த்ரீ பேஸ் மோட்டரைப் பூட்டி அனுப்பியிருக்கிறார். ஷெட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். புதிதாக லைன் இழுப்பதென்றால் மாதக் கணக்காகும். கேட்டரிங் நடத்துகிற ஒருவர் திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் அவளிடம் இடியப்பம் எடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். முதல்நாளே தவறினால் வெளிநாட்டிலிருந்து ஐஸில் உறையவைத்து வரும் இடியப்பப் பாக்கெட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். கலா எங்கள் வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

என் கணவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். நான் தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் போனதும் முதலில் என் கண் போனது கூரைக்கு. மெசினுக்கு நேர் மேலே, கூரைத் தகட்டில், அரிசிமா வட்டமாக ஒட்டிக் காய்ந்து கிடந்தது. கார்த்திக் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னான். சிங்கிள் பேஸை வாங்கித் த்ரீ பேஸாக மாற்றித் தருகிற டிரைவ் பெட்டி ஒன்றை அவன் இணையத்தில் வாங்கிப் பூட்டியிருக்கிறான். முதல் தரம் மெசின் பின்பக்கமாகச் சுற்றிவிட்டது. கீழே இடியப்பமாக வரவேண்டிய மா, உள்ளே இருக்கும் திருகில் ஏறி மேலே வந்து, மூடியைத் தள்ளிக்கொண்டு பறந்திருக்கிறது. இரண்டு வயரை மாற்றிப் போட்டுச் சுற்றும் பக்கத்தைச் சரி செய்தானாம். ஆனால் இப்போது வேறு பிரச்சினை. வெறுமனே ஓடுகிறது, மாவைப் போட்டால் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. டிரைவில் சிவப்பு எழுத்து வருகிறது.

“எல்லா செட்டிங்கும் மாத்திப் பாத்துட்டேன் அங்கிள். டிரைவ் நல்லா இருக்கு, மோட்டரும் புதுசு. என்னன்னே புரியல” என்றான்.

என் கணவர் மோட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தாடையைத் தடவினார். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று தொடங்கினார். அந்த மோட்டரில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது. ஒரு செருமல் செருமினேன். வாயை மூடினார். கலா எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் மோட்டரில் விவரம் பொறித்திருந்த தகட்டை வாசித்துவிட்டேன். நானூற்றுப் பதினைந்து வோல்ட், ஸ்டார். கார்த்திக்கின் டிரைவ் பேஸை மூன்றாக்கும், வோல்ட்டைக் கூட்டாது. இருநூற்று முப்பது உள்ளே போனால் இருநூற்று முப்பதுதான் வெளியே வரும். அந்த மோட்டருக்கு அது காணாது, பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். காற்றைச் சுற்ற அது போதும், பிசைந்த மாவைத் தள்ளப் போதாது. மருந்து எனக்குத் தெரியும். மோட்டரின் மூன்று காயில்களும் ஒரு முனையில் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருப்பது ஸ்டார். அந்த முடிச்சை அவிழ்த்து, ஒன்றின் வாலை அடுத்ததின் தலையோடு சுற்றிவரக் கட்டினால் டெல்டா. டெல்டாவில் இதே மோட்டர் இருநூற்று முப்பதில் முழுப் பலத்தோடு ஓடும். நல்ல காலமாயிருந்தால் ஆறு கம்பிகளும் பெட்டிக்குள் இருக்கும், அவற்றை இணைக்கும் தகட்டுத் துண்டை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

கரண்டை நிறுத்துவித்து, அவர் சொல்லிச் செய்கிற கையாள் மாதிரி, மூன்று தரம் டெஸ்டர் பிடித்து, பெட்டியைத் திறந்தேன். மூன்றே மூன்று கம்பி. முடிச்சை உள்ளே, காயிலோடு காயிலாக நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி இறுக்கியிருந்தார் மாமா.

கலா என் கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். “அங்கிள், எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ. நாளைக்கே திரும்பக் கையாலை பிழியத் தொடங்குறன். கை போனாப் போகட்டும், திங்கக்கிழமையை விடேலாது.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முடிச்சைத் தேடும்போது பக்கத்துக் கம்பியின் பூச்சு வெடித்தால் முழுக் காயிலும் போச்சு. திரும்பச் சுற்ற எனக்கு வாரக் கணக்காகும், இருந்த மோட்டரும் இல்லாமல் போகும். என் கண்ணும் முன்னைய கண் இல்லை. பிள்ளையின் கையில் இருந்த கட்டைப் பார்த்தேன். இரண்டு தரம் செருமினேன்.

“ஓம்” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கராஜில் வேலை தொடங்கியது. மோட்டரைத் தூக்கிவந்தது அவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பல தரம் எனக்கு ஞாபகமும் படுத்தினார். புள்ளி குத்தினேன், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு. மூடிகளைக் கழற்றிச் சுழலும் பாகத்தை வெளியே எடுத்தேன். அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றில் படம் வரைந்தேன். அவர் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து, இந்த இடத்தில் பிடியுங்கள், ஆட்டாதீர்கள், கதைக்காதீர்கள் என்றேன்.

சூட்டுக் காற்றை மெல்ல மெல்லக் காட்டினால் வார்னிஷ் இளகும். அதிகம் காட்டினால் கம்பியின் பூச்சும் இளகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தை விரல்தான் சொல்லவேண்டும். நூலை ஒவ்வொரு கட்டாக வெட்டி உரித்தேன். ஒரு மணி நேரமாகியும் முடிச்சு தட்டுப்படவில்லை. முடிச்சு என்று நினைத்து நான் கிளப்பியது வேறு ஒரு கம்பி. மூங்கில் குச்சியால் நெம்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பூச்சில் அரிசி அளவு ஒரு சில்லுப் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பிள்ளையின் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக் கராஜ் கதிரையில் குந்தி அழுதேன்.

இவருக்குக் கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, கதைக்கவில்லை. டார்ச்சை ஒரு கையில் பிடித்தபடியே, மற்றக் கையால் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து என் காலைச் சுற்றிக் கூட்டத் தொடங்கினார். ஜோவின் கதையை நான் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், மனுசன் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அழுகை நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பி வந்து பார்த்தேன். வெடித்தது ஒரே ஒரு கம்பி, அதுவும் வெளிப்பக்கம். அதற்கு வார்னிஷ் தடவி, நடுவில் கரண்ட் கடக்காத காப்புத்தாள் செருகினேன். பிறகு எதிர்ப்பக்கத்தில் தேடினேன். முடிச்சு அங்கே குந்திக்கொண்டிருந்தது.

வெட்டினேன். மூன்று வால்களுக்கும் புதுக் கம்பி ஒட்டி, உறை போட்டு, வெளியே எடுத்தேன். எந்த வால் எந்தத் தலைக்கு உரியது என்று டெஸ்டரால் சோடி பிடித்து அட்டையில் எழுதினேன். நூலால் கட்டி வார்னிஷ் பூசிக் காயவிட்டு, ஞாயிறு காலையில் கரண்ட் எங்காவது கசிகிறதா என்று மீட்டர் வைத்துக் காப்புச் சோதனை செய்தேன். முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. மோட்டரைப் பூட்டி, டெல்டா கட்டி, மூடியின் உட்புறத்தில் என் எழுத்தைக் கீறினேன். இந்தத் தரம் தமிழில், ‘பு’ என்று. மூடியைப் பூட்டச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நான் குளித்து, தலை துவட்டி, சாமி கும்பிட்டு வந்தபோதும் மனுசன் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு அந்த மூடியோடுதான் குந்தியிருந்தார். நாலு ஆணி பூட்ட இவ்வளவு நேரமா என்று ஏசினேன்.

அன்று பின்னேரமே மோட்டரை ஷெட்டுக்குக் கொண்டுபோய் மெசினில் பூட்டினோம். கரண்ட் இணைப்பை நான் தொடவில்லை. எங்கள் பழைய பட்டறையில் வேலை பார்த்த, லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பூட்டிச் சோதித்தார். அந்த விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. டெல்டாவில் மோட்டர் கூடுதல் கரண்ட் எடுக்கும், டிரைவில் இருக்கும் மூன்றரை ஆம்பியரை ஆறாக்க வேண்டும் என்று என் கணவருடைய காதில் ஓதினேன். அவர் அதைக் கம்பீரமாக அறிவித்தார். கார்த்திக் மாற்றினான். மா போடாமல் சுவிட்சை ஒரு தரம் தட்டிச் சுற்றும் பக்கத்தைப் பார்த்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் கூரைக் கறைக்குக் கீழே இருந்து விலகி நின்றோம்.

கலா இடது கையால் மாவைப் போட்டாள். மோட்டரின் சத்தம் ஒரு சொட்டுத் தாழ்ந்தது, நிற்கவில்லை. கீழே தட்டில் இடியப்பம் விழத் தொடங்கியது, வெள்ளையாக, ஒரே அளவாக, அறாமல். அவள் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிள் நீங்கள் தெய்வம் என்று அழுதாள். இவரும் அந்த ஸ்டார் முடிச்சு பொல்லாத சாமான் பிள்ளை என்று தொடங்கி ஒரு பிரசங்கமே வைத்தார்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டுக் கோபம் இல்லை, உண்மையான கோபம். என் விரல் நுனிகள் மூன்று வெந்து கொப்புளித்திருந்தன. கையில் தேநீர்ப் போத்தல் இருந்தது. மூடிக்குள் இருந்தால் போதும் என்று நான் எத்தனை வருடம் என்னையே ஏமாற்றியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், அவருக்குக் கடைப் பாணும் ஜாமும்தான் போட்டேன்.

கலாவின் இடியப்பம் திங்கட்கிழமை நேரத்துக்குப் போனது. செவ்வாயும் போனது. புதிதாகக் கட்டிய மோட்டரை ஒரு கிழமை ஓடியபின் திறந்து ஆணிகள் இளகியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், அதுவும் ஜோவின் ஒழுங்கு. அடுத்த திங்கள் இவரிடம் சொல்லாமல் நான் தனியாகப் போனேன். அங்கிள் வரவில்லையா என்று கலா கேட்டாள். கரண்டை நிறுத்தி, மூன்று தரம் பார்த்து, மூடியைக் கழற்றினேன். ஆணிகள் இறுக்கமாக இருந்தன. மூடியை வாங்கி வைத்திருந்த கலா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்ரி இதில் ஏதோ எழுதியிருக்கிறது என்றாள்.

என் ‘பு’வைத் தெரியும். அதற்குக் கீழே, முகவரி எழுதுகிற மாதிரி கவனமான எழுத்தில், ஊசி இரண்டு இடத்தில் வழுக்கிய கீறலோடு, இன்னொரு வரி இருந்தது. கலா வாசித்தாள்.

“லைட் பிடிச்சது: ந.”

அவள் மூடியைப் பார்த்தாள், என் விரல்களில் காய்ந்துகொண்டிருந்த கொப்புளங்களைப் பார்த்தாள். “அப்ப, அன்ரி, மோட்டர் அங்கிள் எண்டது நீங்களே?” என்று கேட்டாள்.

இரண்டு தரம் செருமினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து குரக்கன் புட்டு அவித்தேன், கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தேன். மூடியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு கிழமைப் பாணுக்குப் பிறகு புட்டு ஏன் வந்தது என்று அவரும் கேட்கவில்லை, வந்ததைக் கெடுத்துவிடக்கூடாது என்று குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவி வரும்போதுதான் மலர்க்குழுச் செயலாளரின் தொலைபேசி வந்தது. நான் குசினிக்குள் நின்றேன். தொண்டையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

“மோட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தம்பி? நான் லைட் பிடிக்கிற ஆள்” என்றார் அவர். “வேலை தெரிஞ்ச ஆள் குசினிக்குள்ள நிக்கிறா. பொறுங்கோ, குடுக்கிறன்.”

நான் ஒரு தரம்கூடச் செருமவில்லை.